குளத்துக் கொடுவா

கொடுவாவின் வாயில் தூண்டில் காயம் இல்லை.

ஹுஸ்னியா மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேலுதடு, கீழுதடு, செவுளின் ஓரம், தொண்டைக்குழி. கல்யாணம் முடித்த நாளிலிருந்து முபீன் பிடித்து வரும் மீனையெல்லாம் கழுவி வெட்டுகிறவள் அவள்தான். எந்த மீனிலும் எங்காவது ஒரு கிழிசல் இருக்கும். உதட்டில் சிவந்த ஓட்டை, அல்லது கொக்கியை விழுங்கிய மீனென்றால் தொண்டைக்குள் அறுந்த நூல். இந்த மீனின் வாய் ஒருநாளும் எதையும் கடித்திராத வாயாக இருந்தது.

பின்னேரத்து அஸர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. மழை விட்டுவிட்டுப் பெய்தது. அவள் மீன் வெட்டும் குசினியின் கூரைத் தகரத்தின் மேல் அது விழும் சத்தத்துக்கு அடியில், நடு அறையில் முபீன் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் கதிரை ஒரு தடவை கிறீச்சிட்டு அடங்கியது. வந்ததிலிருந்து அவன் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. உடுப்பும் மாற்றவில்லை. அறையிலிருந்து வந்த மணம் குசினி வரைக்கும் எட்டியது. சேறும் அழுகிய தாமரைத் தண்டும் கலந்த, வெயிலையே பாராத தண்ணீரின் மணம்.

ஆற்றிலிருந்து வந்தால் அவனில் உப்பு மணக்கும். முபீன் ஆற்றுக்காரன். களியோடை ஆறு கடலோடு சேரும் இடத்தில், தண்ணீர் ஏறி இறங்கும் நேரம் பார்த்து, உயிர் இறாலைக் கொக்கியில் குத்தி எறிந்துவிட்டு அவன் காத்திருக்கும் இருப்பு வேறு. "கொடுவா எண்டா ஓடுற தண்ணியிலதான் புடிக்கணும். அது எதிர்த்து நிண்டு இழுக்கும் பாரு, தண்ணியும் சேந்து இழுக்கும், ரெண்டு பேரோட சண்டை புடிக்கிற மாதிரி" என்பான். வீரமுனையிலிருந்து வரும் அவனுடைய கூட்டாளி பவிதரனுக்கோ குளம்தான் பிடிக்கும். யாரோ மரையடிக் குளத்தில் கொடுவாக் குஞ்சு விட்டார்கள், அது இப்போது ஆளளவு வளர்ந்து கிடக்கிறது என்று அவன் வந்து உட்கார்ந்து கதையளப்பான். "குளத்து மீன் கோயில் மாடு மாதிரிடா, கூப்பிட்டா வரும். அதுக்கு ஒரு தூண்டிலா?" என்று முபீன் சிரிப்பான்.

ஆற்றைப் பிடிக்காதவள் ஹுஸ்னியாதான். ஒன்பது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கடல் எழும்பி ஊருக்குள் வந்து அவளுடைய உம்மாவைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு கடலோடு சேருகிற எந்தத் தண்ணீரையும் அவள் நம்பவில்லை. அவன் ஆற்று வாயில் நிற்கும் நேரமெல்லாம் அவளுடைய நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கால்விரல் நுனியில் நிற்கும். மழைக்கு முந்திய மாதங்களில் ஆற்று வாயை மண் மூடி, மீன் ஏறாமல் அவன் வீட்டில் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, அவள்தான் மெதுவாகச் சொன்னாள்.

"குளத்துக்குத்தான் போங்களன். குளம் இரிந்த இடத்துல இரிக்கும். எழும்பி ஊட்டுக்கு வராதுதானே."

போனான். பிறகு ஆற்று வாய் திறந்த பின்னும் குளத்துக்கே போனான். "நல்ல ஆழம் புள்ள" என்றான். ஆற்றைப் பற்றி அவன் கதைப்பது நின்றுபோனது. அவளுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

இன்று மத்தியானம் லுஹருக்குப் பிறகு அவன் பின்பக்கத்தால் வந்தான். எந்த வீட்டுக்குள்ளும், ஆளில்லாத வீடென்றாலும், ஸலாம் சொல்லாமல் கால் வைக்காதவன். ஒன்றும் சொல்லவில்லை. வெறுங்கால். கையில் அந்த ஒற்றை மீன்.

"பைக் எங்க?"

அவன் அவளைப் பார்த்தான். பார்த்தான் என்று சொல்ல முடியாது. முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது.

"கொஞ்சம் சுணங்கும்" என்றான்.

"ஊட்ட வந்திட்டு என்ன சுணங்கும்? செயின் அறுந்திட்டா? நடந்தா வாறீங்க?"

"புள்ள சோறு திண்டாளா?"

களைப்பு என்று நினைத்தாள். அப்படி நினைக்கத்தான் மனம் ஓடியது. ஒரு பெண் தன் வீட்டுக்குள் வரும் தன் மனுசனைப் பற்றி வேறு என்ன நினைப்பாள்?

இப்போது மீனின் வயிற்றில் கத்தியை வைத்துக் கீறினாள். குடல் வரவில்லை. ஈரல் இல்லை, சினை இல்லை, இரத்தம் இல்லை. வெட்டிய இடத்தில் வெள்ளைச் சதை. இன்னும் ஆழமாக வெட்டினாள். அங்கேயும் வெள்ளைச் சதை. முள் கூட இல்லை. வெளியே செதிள், துடுப்பு, கண் எல்லாம் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன. உள்ளே இருக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. மீனை வெளியிலிருந்து மட்டும் பார்த்த ஒன்று, பார்த்ததை வைத்து ஒரு மீன் செய்தது போல.

கத்தியைக் கீழே வைத்தாள். சத்தம் கேட்காமல் வைத்தாள். ஏன் அப்படி வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"உம்மா."

இன்ஷிரா குசினிப் படியில் நின்றாள். பள்ளிக்கூடச் சட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"என்ன மகள்?"

"வாப்பாக்கு எண்ட பேர் மறந்திட்டா?"

"ஏன்?"

"நான் முன்னுக்கு நிண்டு பாத்தன். கூப்பிடல்ல. 'புள்ள, புள்ள' எண்டுதான் செல்றார். எனக்கிட்ட இல்ல, சுவத்துக்கிட்ட."

"வாப்பாக்குக் களைப்பு. நீ விறாந்தையில போய் விளையாடு. அறைக்குள்ள போகாத."

பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். பேர் சொல்லிக் கூப்பிடாவிட்டால் அவளுக்குக் கோபம் வரும். "இன்ஷிரா எண்டு கூப்பிட்டாத்தான் வருவன்" என்று வாப்பாவோடு சண்டை பிடிக்கிறவள்.

கைபேசி அதிர்ந்தது. முபீனை அண்ணனாக எண்ணிக் காக்கா என்று கூப்பிடும் பவிதரன்.

"அக்கா, நான்தான். காக்கா வீட்ட வந்திட்டாரா?"

"ஏன் தம்பி?"

"நான் குளக்கட்டில நிக்கிறன். இவர்ட பைக் இஞ்ச நிக்குது. செருப்பும் கிடக்கு. தூண்டிலக் கல்லுக்குள்ள ஊண்டி வெச்சிருக்கு, ஆளக் காணல்ல. தண்ணிக்கரையில பேர் சொல்லிக் கூப்பிட ஏலாதுதானே, விசிலடிச்சு விசிலடிச்சுப் பாத்தன்."

அவள் நடு அறைக் கதவைப் பார்த்தாள். சேலைத் துணியில் தைத்த திரை அசையாமல் தொங்கியது. கதிரையின் கிறீச்சு நின்றிருந்தது. மழையும் கொஞ்சம் குறைந்திருந்தது. அறைக்குள் இருந்த ஒன்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

"வந்திட்டார்" என்றாள். அந்தச் சொல் வாய்க்குள் கல்லைப் போலக் கிடந்தது.

"அப்பாடா! பயந்திட்டன் அக்கா. அப்ப இந்த நூல்ல கிடக்கிறது மீன்தான். நூல் விறைச்சு நிக்குது. நானும் இழுத்து இழுத்துப் பாக்கிறன், பாரமாக் கிடக்கு, வருதில்ல. காக்காட்டச் சொல்லுங்க, அவர் ஆசைப்பட்ட கொடுவா இதுதான் எண்டு." அவன் சிரித்தான். காற்று இரைந்து தொடர்பு அறுந்தது.

ஹுஸ்னியா கதவுத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கைபேசியை இறக்கினாள்.

தூண்டில் தண்ணீரில் இருக்கும்போது ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆற்றுக்குப் போகும் எல்லோரும் வைத்திருக்கும் வழக்கம் அது. 'மச்சான்' என்பார்கள், 'காக்கா' என்பார்கள், ஒன்றுமில்லாவிட்டால் விசில். வீட்டில் 'ஹுஸ்னி, ஹுஸ்னி' என்று நூறு தரம் கூப்பிடுகிறவன், தண்ணீர்க் கரையிலிருந்து அனுப்பும் வொய்ஸ் மெசேஜில் 'புள்ள' என்பதோடு நிறுத்திக்கொள்வான். ஒரு நாள் அவள் கோபித்துக்கொண்டாள். பேர் சொன்னா என்ன குறைஞ்சிடும்? "பேரைக் கேட்டா மீன் வராது புள்ள" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, அவளைப் பயங்காட்டுவதற்காக, "மீன் வராட்டிப் பரவால்ல. வேற என்னமும் கேட்டுட்டு வந்தா?"

அன்று இருவரும் சிரித்தார்கள்.

கைபேசியின் சத்தத்தைக் குறைத்துக் காதோடு வைத்துக்கொண்டாள். குளத்திலிருந்து வந்த வொய்ஸ் மெசேஜ்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

*கொஞ்சம் சுணங்கும்.*

*புள்ள சோறு திண்டாளா?*

*நல்ல இடம் ஒண்டு கண்டிரிக்கன்*, ஒரு இருமல், *ஆழம்.*

*இஞ்ச ஒரு சத்தமும் இல்ல புள்ள. ஒரு சத்தமும் இல்ல.*

அறையிலிருந்து முபீனின் குரல் வந்தது.

"நல்ல இடம் ஒண்டு கண்டிரிக்கன்."

இருமல். அதே இருமல். அதே இடத்தில் தொடங்கி, அதே இடத்தில் முடியும் இருமல்.

"ஆழம்."

அறையில் இருப்பதற்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். குளத்தின் கரையில் அவன் சொன்னது மட்டும். அங்கே கேட்ட சத்தங்களை, கேட்ட மாதிரியே, கேட்ட குரலிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது. ஸலாம் தெரியாது, ஏனென்றால் ஸலாம் அவன் வாசலில் சொல்வது. ஹுஸ்னியைத் தெரியாது. பிள்ளையின் பேர் தெரியாது.

பேர் தெரியாத வரைக்கும் பிள்ளையைக் கூப்பிடத் தெரியாது.

முபீன் எங்கே என்று அவளுடைய மனம் கேட்கத் தொடங்கியது. விறைத்து நின்ற நூலைப் பற்றி பவிதரன் சொன்ன இடத்துக்கு அது போய்ச் சேருமுன் அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு. அதற்கு அழுவதெல்லாம் பிறகு. முதலில் பிள்ளை. கையைப் பிடித்து, வாய் திறக்காமல், பின்வாசலால் இறங்கி, அடுத்த ஒழுங்கையிலிருக்கும் கைருன்னிஸா ராத்தாவின் வீட்டுக்கு.

கரண்ட் போனது.

மழை மறுபடியும் பிடித்தது. பொழுதுபடும் மஃரிபுக்கு இன்னும் நேரமிருந்தது, ஆனால் வீட்டுக்குள் இருட்டிவிட்டது. குசினியிலிருந்து சுவரைத் தடவியபடி எட்டிப் பார்த்தாள். முன்னால் கூடம், அதற்கப்பால் விறாந்தை, இடையில் அந்த அறை. விறாந்தையில் பிள்ளையின் பொம்மை மட்டும் கிடந்தது.

பிள்ளை இல்லை.

பின்வாசலுக்குத் திரும்பினாள். கிணற்றடியில் இல்லை. வாழையடியில் இல்லை. மதில் ஓரத்தில் இல்லை. மழை கண்ணுக்குள் அடித்தது.

பின்னால், வீட்டுக்குள், கதிரை கிறீச்சிட்டது. எழும்பும் கிறீச்சு.

ஈரக் கால் ஒன்று சீமெந்தில் பதிந்தது.

மற்றக் கால்.

திரையின் வளையங்கள் கம்பியில் உரசின.

ஒன்பது வயதில் ஓடும்போது உம்மாவின் பேரைக் கூப்பிடத் தெரியாமல் வெறும் 'உம்மா, உம்மா' என்று கத்தியதும், ஊரிலிருந்த எல்லாப் பிள்ளைகளும் அதே சொல்லைக் கத்தியதும், யாருடைய உம்மாவும் திரும்பிப் பார்க்காததும் அவளுடைய தொண்டைக்குள் வந்து நின்றன. அவள் யோசிக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"இன்ஷிரா!"

நடுவில் உடைந்த குரல். மழைக்குள் போய் விழுந்தது.

வீட்டுக்குள் எல்லாம் நின்றது. காலடியும் நின்றது.

பிறகு அறை வாசலிலிருந்து, இருட்டுக்குள்ளிருந்து, அவளுடைய சொந்தக் குரல் கூப்பிட்டது.

"இன்ஷிரா!"

நடுவில் உடைந்தது. அதே இடத்தில்.

"ஓம் உம்மா!" முன்வாசல் கேற்றடியிலிருந்து பிள்ளையின் குரல். வாப்பாவின் பைக் வருகிறதா என்று பார்க்கப் போயிருக்கிறாள். "வாறன்!"

"வராத மகள்!" ஹுஸ்னியா கத்தினாள். "அங்கேயே நில்லு! உள்ளுக்கு வராத!"

சின்னச் செருப்பு விறாந்தைப் படியேறி நின்றது. இரண்டு உம்மாக்களுக்கு நடுவில், இருட்டில், பிள்ளை மூச்சு வாங்குவது கேட்டது. ஒரு உம்மா வராதே என்கிறாள்.

மற்ற உம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"இன்ஷிரா!"

செருப்பு அறைப் பக்கம் திரும்பியது.

ஹுஸ்னியா ஓடினாள். குசினிப் படியைத் தாண்டிக் கூடத்தில் வைத்த கால் தரையில் படவில்லை. தண்ணீர். கெண்டைக்கால் வரை குளிர்ந்த, அலையில்லாத, இருந்த இடத்திலேயே இருக்கும் தண்ணீர். அடியில் சேறு அவளுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டது.

எதிரில், பார்க்க முடியாத தூரத்தில், பிள்ளை நடக்கும் சத்தம் கேட்டது. கணுக்கால் நனையும் சத்தம். பிறகு முழங்கால். பிறகு சட்டை தண்ணீரில் இழுபடும் சத்தம்.

பிறகு மழை மட்டும்.

அறைக்குள்ளிருந்து முபீனின் குரல் மெதுவாக, சந்தோஷமாகச் சொன்னது:

"இஞ்ச ஒரு சத்தமும் இல்ல புள்ள. ஒரு சத்தமும் இல்ல."