வோப்ரே மடத்து முத்திரை

புதன்கிழமை மதியம் மதாம் தெ கூர்செல் வந்து கதவைத் தட்டியபோது அன்செல்ம் ரூவோ ஒரு வாளி வெந்நீரில் கால்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தோரு வருடப் போலீஸ் உத்தியோகம் அவருக்கு விட்டுச் சென்ற சொத்து இரண்டு முழங்கால்கள். பர்கண்டியின் நவம்பர் மழையில் அவை படுத்தும் பாட்டைச் சொல்லி மாளாது.

கதவைத் திறந்தது மர்சியால். அன்செல்மின் செத்துப்போன மனைவியின் தம்பி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். வீட்டுக்கு யாராவது முகம் வாடி வந்தால் போதும், துப்பறிய ஏதோ கிடைக்கப்போகிறது என்று அவன் முகம் மலர்ந்துவிடும். அன்றும் மலர்ந்தது.

எழுபத்து நான்கு வயது மதாம் மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வோப்ரே மடம் அவர் குடும்பத்துச் சொத்து. எண்ணூறு வருடத்துக்கு முன்னால் சிஸ்டெர்சியன் துறவிகள் காட்டு ஓடைக்கரையில் கட்டியது. துறவிகள் போய்விட்டார்கள், கூரை ஒழுகுவது மட்டும் இன்றுவரை நிற்கவில்லை.

"மடாதிபதியோட வெண்கல முத்திரையக் காணோம், ரூவோ. நேத்து மூணு மணிக்குப் பெட்டில இருந்தது. ரெண்டு மணிக் கூட்டம் அதைப் பாத்துட்டுத்தான் போயிருக்கு. இன்னைக்குக் காலைல இல்ல."

"பூட்டை உடைச்சிருக்கா?"

"இல்ல. சாவிதான் போட்டிருக்காங்க. ரெண்டே சாவி. ஒண்ணு வழிகாட்டி சொலான்ஜ் இடுப்புல. இன்னொண்ணு ஆபீஸ் ஆணியில."

"யாரைச் சந்தேகப்படுறீங்க?"

மதாம் கையுறையைத் திருகினார். "நான் யாரையும் சந்தேகப்படல. யாருன்னு என்கிட்ட சொல்லிட்டாங்க. அது பொய்யா இருக்கணும்னுதான் ஓடி வந்திருக்கேன். சொலான்ஜ் எடுத்ததா நிர்வாகி செவெரேன் சொல்றாரு. நாளைக்குக் காலைல நான் போலீசுக்குச் சொல்லியாகணும். சொன்னா அவ வேலையும் போச்சு, வேலையோட குடுத்த வாசல் வீடும் போச்சு. அறுபது வயசை நெருங்கிட்டா, போக வேற இடம் கிடையாது அவளுக்கு."

அன்செல்ம் வாளியிலிருந்து ஒரு காலை எடுத்தார், பெருமூச்சு விட்டார், இன்னொரு காலையும் எடுத்தார்.

"மச்சான், நான் வண்டியை எடுக்கறேன்!" என்றான் மர்சியால்.

"எடு. மெதுவா ஓட்டு. திருடன் எங்கயும் ஓடிடமாட்டான். என் முட்டிதான் ஓடிடும்."

மடத்தை அவர்கள் புதிதாகப் பார்க்க வேண்டியதில்லை. வெள்ளங்கித் துறவிகள் கண்ணுக்கு இதமாக ஒரு பூவைக்கூடச் செதுக்கி வைக்கவில்லை. சிலை கிடையாது, கண்ணாடியில் நிறம் கிடையாது. அந்த வெறுமையைப் பார்க்கத்தான் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதே ஐம்பது நிமிடப் பேச்சை இருபத்திரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள் சொலான்ஜ். எனக்கென்றால் மூன்றாவது மாதமே பைத்தியம் பிடித்திருக்கும்.

"நான் எத்தனை கூட்டத்தை இங்க கொண்டுவந்து இறக்கியிருக்கேன்!" என்றான் மர்சியால். "கடைசில கோயிலுக்குள்ள நிறுத்தி லத்தீன்ல மாதா பாட்டு ஒண்ணு பாடுவா பாருங்க, எதிரொலி மாடிவரைக்கும் போய்ட்டு வரும். அது கேட்டாத்தான் நான் பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணுவேன். எனக்கு அது பாட்டு இல்ல மச்சான், ஹாரன்."

டிக்கெட்டும் நினைவுப்பொருளும் விற்கும் அறையில் அர்மெல் இருந்தாள். சுறுசுறுப்பானவள், வாயும் சுறுசுறுப்புதான்.

"நேத்து நாலு மணிக் கூட்டமா? ஆஸேர்ல இருந்து ஒரு சங்கத்துக்காரங்க, இருபத்தாறு பேரு. மொழிபெயர்க்க ஒரு பொண்ணையும் கூடவே கூட்டிட்டு வந்தாங்க. தங்கமான ஜனங்க! கடைக்குள்ள ஒரு கசமுசா இல்ல. முந்தின கூட்டம் இருக்கே, அப்பப்பா, சந்தைக்கடைதான்."

"இங்க பக்கத்துல இருக்கற ஆஸேர்க்காரங்களுக்கு எதுக்கு மொழிபெயர்ப்பு?" என்று மர்சியால் சிரித்தான். "நம்ம ஊர் பேச்சு அங்க புரியாதா?"

அர்மெல் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தொலைபேசி அடித்தது. எடுத்தவள் அதிலேயே மூழ்கிவிட்டாள். அன்செல்ம் அவள் முடிக்கும்வரை நின்றிருந்து, பிறகு தனியே ஏதோ கேட்டுக்கொண்டு வந்தார். மர்சியால் அதற்குள் முற்றத்துக்குப் போய்விட்டிருந்தான்.

முற்றத்தைச் சுற்றிய தூண்களில் சாரம் கட்டி ஏறியிருந்தான் கொத்தன் எலுவா. முற்றத்தை ஒட்டிய அறையில், முத்திரை இருந்த கண்ணாடிப் பெட்டியின் மேல் ஐந்து விரலும் பதிந்த சுண்ணாம்புக் கைத்தடம் ஒன்று இருந்தது. அதைக் கண்டதும் மர்சியால் வேட்டைநாய் மாதிரி ஆகிவிட்டான்.

"அது என் கைதான்," என்றான் எலுவா, கீழே இறங்காமலேயே. "போன வாரம் சுவர்ல ஈரம் பாக்கப் போனேன், சாஞ்சுட்டேன். அதுக்கு என்ன இப்போ? திருட்டுன்னா என் விறகை எவன் திருடறான்னு கேளுங்க முதல்ல! சாரப் பலகைத் துண்டெல்லாம் அடுக்கி வெக்கிறேன், காலைல பாதி இல்ல. கணப்பறைல சாம்பல் தொட்டா சுடுது. மடத்துலயே அடுப்பு இருக்கறது அந்த ஒரு ரூம்தான். துறவி ஆவி வந்து குளிர் காயுதோ என்னவோ."

"எவ்வளவு நாளா?"

"செப்டம்பர் கடைசில இருந்து."

சொலான்ஜ் கோயில் வாசலில் குடையை உதறிக்கொண்டிருந்தாள். தன்மேல் பழி விழுந்திருப்பது அவளுக்குத் தெரியும். யார் என்ன சொன்னார்கள் என்பது தெரியாது. கேட்கவும் இல்லை.

"நான் எடுக்கலீங்க. அதுக்கு மேல சொல்ல என்கிட்ட தெம்பு இல்ல. நேத்து முத்திரை இருக்கற ரூமுக்கு ரெண்டு மணிக் கூட்டத்தோட போனேன். நாலு மணிக்குப் போறதில்ல, அங்க விளக்கு கிடையாது, இருட்டிடும்."

"நாலு மணிச் சுத்து எப்படிப் போச்சு?"

முதல் தடவையாக அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. "லேசாப் போச்சு. இத்தனை வருஷத்துல அவ்வளவு லேசா எதுவும் போனதில்ல. தொண்டைகூட வலிக்கல." பிறகு மறுபடி சோர்ந்தாள். "எனக்கு எதிரா சொன்னது யாருன்னு நான் கேக்கப் போறதில்ல. செவெரேன்கிட்ட கேளுங்க. பத்தொன்பது வருஷமா ஒண்ணாச் சாப்பிடுறோம். அவன் சொல்லுவான் நான் எப்படிப்பட்டவள்னு."

மர்சியால் தொண்டையைச் செருமிக்கொண்டு தூணைப் பார்த்தான்.

செவெரேனின் அலுவலகம் துறவிகள் படுத்திருந்த மாடிக்கூடத்தின் கோடியில், கோயிலுக்குள் இறங்கும் கல்படிகளின் மேலே இருந்தது. ஐம்பது வயது தாண்டியவன். சட்டை துவைத்திருந்தது, இஸ்திரி போட்டிருக்கவில்லை. மேசையில் காகிதங்கள், மூலையில் மடித்த கம்பளி, ஜன்னல் கல்லில் ஒரு கண்ணாடித் தம்ளர், அதில் பல்துலக்கி.

"சொல்லவே சங்கடமா இருக்கு ஐயா," என்றான். "நேத்து சாயங்காலம் பூரா இங்கதான் இருந்தேன். அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கும். சொலான்ஜ் அக்கா பாட்டு முடிஞ்சுது, கூட்டம் வெளிய போச்சு. உடனே முத்திரை இருக்கற அறைக் கதவு கிறீச்சுன்னு ரெண்டு தடவை. வேற யாரும் உள்ள இல்ல."

"பாட்டு நல்லா கேட்டுச்சா?"

"நேரா இந்தப் படில ஏறி வருமே!"

"நேத்து எப்படிப் பாடினாங்க?"

செவெரேன் ஒரு கணம் யோசித்தான். "தொண்டை கட்டியிருந்தது. நடுவுல ரெண்டு இடத்துல நிறுத்தினாங்க. பாவம், மனசு ஒரு நிலைல இல்லன்னு அப்பவே நினைச்சேன்."

அன்செல்ம் தலையாட்டினார். படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படிக்கும் முனகினார்.

"கொத்தன்தான் மச்சான்!" என்று மர்சியால் காதில் கிசுகிசுத்தான். "கைத்தடம் இருக்கு, கோபம் இருக்கு..."

"விறகு போன கோபம்டா அது. எல்லாரையும் சபை அறைக்கு வரச் சொல்லு. உக்கார இடம் இருக்கற அறை அது ஒண்ணுதான்."

சபை அறையில் சுவரோரமாகச் சுற்றிலும் கல்திண்டு. துறவிகள் தினமும் காலையில் அங்கே கூடித் தங்கள் குற்றங்களைத் தாங்களே சொல்வார்கள்; சொல்லாதவனை இன்னொருவன் எழுந்து சொல்லுவான். மதாம் நடுவில் உட்கார்ந்தார். அர்மெலும் எலுவாவும் ஒரு பக்கம், செவெரேன் எதிர்ப்பக்கம். சொலான்ஜ் வழக்கம்போல அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வெளியே நாலு மணிச் சுற்றுக்கு வந்த ஏழெட்டுப் பேர் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள்.

"சொலான்ஜ் அம்மா," என்றார் அன்செல்ம், "இந்த அறையைப் பத்தி கூட்டத்துக்கு என்ன சொல்லுவீங்க?"

அவள் மனப்பாடத்தை ஒப்பித்தாள். "இங்க ஒருத்தர் மேல ஒருத்தர் குத்தம் சொல்லலாம். ஆனா சந்தேகத்துல சொல்லக் கூடாது. தன் கண்ணால பாத்ததையோ, தன் காதால கேட்டதையோ மட்டும்தான் சொல்லணும்."

"நல்ல சட்டம். செவெரேன் கண்ணால எதையும் பாக்கல. காதால கேட்டதைச் சொன்னாரு. உங்க பாட்டு முடிஞ்சு, கதவு ரெண்டு தடவை கிறீச்சிட்டுதாம்."

சொலான்ஜ் மெதுவாகத் திரும்பிப் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தாள். "நீயா?" என்றாள். செவெரேன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

"அர்மெல்," என்றார் அன்செல்ம், "தொலைபேசியை வெச்சப்புறம் என்கிட்ட சொன்னதைச் சொல்லும்மா. நேத்து நாலு மணிக்கு வந்தது என்ன சங்கம்?"

"காது கேளாதவங்க சங்கம்," என்றாள் அர்மெல். "அந்தப் பொண்ணு கையால மொழிபெயர்த்தா."

மர்சியால் 'ஹா!' என்று துள்ளியதில் பக்கத்தில் இருந்த குடை விழுந்தது.

"நேத்து நான் பாடவே இல்ல," என்றாள் சொலான்ஜ், தனக்குத்தானே சொல்வது போல. "யாருக்குப் பாட? மௌன விரதத்துல துறவிங்க கையால பேசிக்குவாங்களே, அந்தச் சைகை எனக்கு அம்பது அறுபது தெரியும். ரொட்டிக்கு இப்படி, மீனுக்கு இப்படின்னு செஞ்சு காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவங்க சைகையை எனக்குக் காட்டினாங்க. ஒரே மகிழ்ச்சி."

மர்சியால்தான் நியாயம் பேசினான். "மச்சான், பழக்க தோஷத்துல சொல்லியிருக்கலாமே? தினம் கேக்கறவருக்குக் கேட்ட மாதிரியே இருந்திருக்கும்."

"இருந்திருக்கும். அதான் எப்படிப் பாடினாங்கன்னு கேட்டேன். பழக்கத்துல சொல்றவன் 'எப்பவும்போல'ன்னு சொல்லிட்டு நிறுத்திடுவான். இவரு தொண்டை கட்டினதா சொல்றாரு, நடுவுல நிறுத்தினதா சொல்றாரு. பாடாத பாட்டுக்கு இவ்வளவு விவரம் எதுக்கு? செவெரேன், மூணு மணிக்குமேல முத்திரையை எடுத்துட்டீங்க. நாலு மணிக்கு நீங்க மடத்துலயே இல்ல. இருந்திருந்தா, பாட்டைக் காணோமேன்னு அந்த அமைதிதான் உங்களைப் படிக்கு இழுத்திருக்கும். எங்க போனீங்கன்னு எனக்குத் தெரியாது."

"அவலோன் டவுனுக்கு," என்றான் செவெரேன். "வீட்டு விஷயமா வக்கீலைப் பாக்க. பின்வாசல் வழியா."

"செப்டம்பர் கடைசில இருந்து எலுவாவோட விறகுல கணப்பறையில குளிர் காயறது நீங்கதான். பல்துலக்கிகூட மேலயே இருக்கு. வீட்டுல இருந்து எப்ப வெளியேத்தினாங்க?"

"இருபத்தேழாம் தேதி."

அவன் கால்சட்டைப் பையில் கைவிட்டு, ஒரு கட்டைவிரல் அளவுள்ள வெண்கலத் துண்டை எடுத்துத் திண்டின் மேல் வைத்தான். விற்பதற்கு எடுத்திருந்தால் ஒரு நாள் முழுக்கப் பையிலேயே சுமந்திருக்கமாட்டான். மதாம் அதைத் தொடக்கூட இல்லை.

"வாசல் வீட்டுக்காகவா?" என்று கேட்டார் மதாம்.

"அக்கா போனா அது காலியாகும்," என்றான் செவெரேன். "அப்புறமா எங்கயாவது அலமாரிக்குப் பின்னாடி முத்திரை கிடைச்சதா சொல்லிடலாம்னு நினைச்சேன். போலீசு கீலீசுன்னு போகும்னு நினைக்கல."

சொலான்ஜ் அவன் பக்கம் முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, "ஏன்டா, என்னைய?" என்றாள்.

"நீங்கதானேக்கா தினமும் சொல்லுவீங்க," என்றான் அவன், கிட்டத்தட்ட அழுதபடி. "சாப்பிடும்போதெல்லாம். அலுத்துப்போச்சு செவெரேன், கால் வலிக்குது, யாராவது என்னை இங்கிருந்து துரத்திவிட்டா தேவலாம்னு. எத்தனை தடவை! உங்களுக்கு இந்த வேலை போனா வருத்தமா இருக்காதுன்னு... நான் நினைச்சுக்கிட்டேன்."

எலுவா ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். அர்மெல் அவன் கையைப் பிடித்து அடக்கினாள். மதாம் எழுந்து, "சொலான்ஜ், வேலையும் வீடும் உன்னோடதுதான். போலீசைக் கூப்பிடறதா வேணாமான்னு நீயே சொல்லு," என்றார்.

சொலான்ஜ் முழங்காலில் கையூன்றி எழுந்தாள். அறைக்கு வெளியே ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. அவள் சாவிக்கொத்தைச் சரிசெய்துகொண்டு, உட்கார்ந்திருந்தவன் முன்னால் வந்து நின்றாள்.

"அலுப்புதான். இல்லேன்னு சொல்லல. ஆனா அது என் அலுப்பு, செவெரேன். உன்னை நம்பிச் சொன்னது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "என் வீட்டுல மேல ஒரு ரூம் சும்மாதான்டா கிடக்கு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே சாவியக் குடுத்திருப்பேன்."

"போலீசைக் கூப்பிடுங்கம்மா," என்று மதாமிடம் சொல்லிவிட்டு, அவள் நாலு மணிக் கூட்டத்தை உள்ளே அழைக்கப் போனாள்.