கண்மாய் மண் பிள்ளை

ஒன்பது நாளாகப் பூட்டிய அறைக்குள், பட்டுத்துணி சுற்றிக் கிடந்த மண்பிள்ளை இன்னும் ஈரமாகவே இருந்தது. பங்குனி வெயிலில் முற்றத்துக் கல்லே வெடிக்கும் போலிருக்க, இதற்கு மட்டும் வியர்வை.

தேனம்மை ஆச்சி விரலை முகர்ந்தாள். கண்மாய்ச் சேற்று வாடை; அதற்கடியில், பச்சைப்பிள்ளையின் உச்சந்தலை வாடை.

கண்மாய்க்கரை அய்யனாரிடம் பிள்ளை கேட்பவர்கள் மண்ணில் ஒரு பிள்ளை செய்து வைப்பார்கள். மழையில் அது கரையக் கரைய வயிற்றில் வளரும் என்று நம்பிக்கை. ஆச்சியின் கணவர் நாச்சியப்பன் மண்ணைத் தொடுகிற ரகமா? ரங்கூனிலிருந்து பீங்கான் பிள்ளை வரவழைத்தார். நீலக்கண், தங்கப்பூச்சு, மேளதாளம், முந்நூறு இலைக்கு விருந்து. இவ்வளவு மரியாதையில் அய்யனாருக்கே கூச்சம் வந்திருக்கும். நாலு ஐப்பசி மழையில் குளித்தும் பீங்கான் பிள்ளை பளபளவென்று நின்றது. கரைவதாவது!

போன ஐப்பசியில், பாத்திரம் துலக்கும் அழகி தானே சேற்றைப் பிசைந்து, மூக்கும் முழியும் தெரியாத ஒரு கட்டியை அதன் பக்கத்தில் வைத்தாள். பாதி கரைந்தது. இப்போது அவளுக்கு அஞ்சாம் மாசம். முந்தானைக்குள் அந்த மேடு தெரியும்போதெல்லாம் ஆச்சிக்கு அடிவயிறு எரிந்தது. படைத்ததைத் தொடக்கூடாது என்று தெரிந்தும், உச்சிவேளையில் மீதிப் பிள்ளையைத் தூக்கி வந்துவிட்டாள்.

"ஆச்சி, கோயில்ல வச்ச எம்புள்ளையக் காணல. நீக பாத்தீகளா?"

"ஒன் சேத்துக்கட்டிக்கு நான் காவலாடி? நாய் இழுத்துட்டுப் போயிருக்கும். வேலையப் பாரு."

அழகி போனதும் ஆச்சி கதவைத் தாழிட்டாள். மழையில் கரைந்தால் அவளுக்கு. என் கையில் கரைந்தால்? வெள்ளிக் கும்பாவில் தண்ணீர் ஊற்றி மண்பிள்ளையை அமுக்கினாள். குமிழ் குமிழாக மூச்சு விட்டது. விரலிடுக்கில் வழுக்கிக் கரைந்தது. கண்ணை மூடி ஒரே மூச்சில் குடித்தாள். பல்லில் மணல் நறநறத்தது. கடைசி மடக்கு மட்டும் வெதுவெதுப்பு.

மறுநாள் விடிந்ததும் அழகி வந்தாள். முந்தானைக்குள் மேட்டைக் காணோம்.

"வலிக்கல ஆச்சி. ரத்தமும் இல்ல. முழிச்சுப் பாத்தா வெறும் வயிறு..."

அவள் பார்வை ஆச்சியின் இடுப்பில் நின்றது. நகரவில்லை.

ஆச்சி அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். சேலையைத் தளர்த்தினாள். வயிறு மேடிட்டிருந்தது. அஞ்சு மாச மேடு. எனக்கு! எனக்குத்தான்! சிரிப்புப் பொங்கியது.

கை வைத்தாள்.

சில்லென்றிருந்தது. அழுத்தினாள். விரல்கள் புதைந்தன. பதறி எடுத்தாள்.

அஞ்சு குழி.

குழிகள் மேலே எழும்பவில்லை.

உள்ளே ஏதோ புரண்டது. குழிகளுக்குப் பக்கத்தில், உள்ளிருந்து, அஞ்சு சின்ன விரல்கள் வெளியே முட்டின. முட்டி, விலகின.

அந்தப் புடைப்பும் அப்படியே நின்றது.