நிழலில் நின்ற பல்லிகள்

பழைய சுரங்க அலுவலகத்தின் முன்னால் அவளும் கொழுந்தனும் வந்த ஜீப் நின்றபோது காலை ஒன்பது மணி. கூரை பாதி விழுந்த கட்டடம். அதற்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தான். போன வருஷம் இங்கேதான் அவள் கணவனின் வண்டி கிடைத்தது. தண்ணீர்க் கேன் நிரம்பியிருந்தது. சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கப்படவில்லை. ஆளைக் காணோம், அவன் கேமராவையும் காணோம்.

அவள் கல்யாணங்களுக்குப் படமெடுத்துப் பிழைக்கிறவள். வீடு வாசலை மறந்து, படமெடுக்க அவன் துரத்திக்கொண்டு போன மணல் பல்லியை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று வந்திருந்தாள்.

“அண்ணி, ஜீப் தெரியுற தூரத்துலயே இருங்க,” என்றான் கொழுந்தன். “அண்ணனைத் தேடியே என் கால் ஓஞ்சு போச்சு.”

“அதைப் பல்லிகிட்ட சொல்லுப்பா. அது ஓடுற பக்கம்தானே நான் ஓடணும்.”

பத்தரை மணிக்கு மணல் அடுப்புக்கல்லாகக் காய்ந்தது. அவள் தடித்த துணியை விரித்துக் குப்புறப் படுத்திருந்தாள். பல்லி வந்தது. வந்தது என்று சொல்வதற்குள் போய்விட்டது. முப்பது படங்களில் ஒன்றில்கூட அது முழுசாக விழவில்லை. வெறும் கோடு, தூசி, வால்நுனி.

பிறகு ஒரு பல்லி ஓடிவந்து சட்டென்று நின்றது. சூடு தாங்காமல் கால்களை மாற்றி மாற்றித் தூக்குகிற பிராணி, நான்கு கால்களையும் ஊன்றிச் சாவகாசமாக நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஷட்டரை அழுத்தினாள். இன்னொன்று வந்து பக்கத்தில் நின்றது. பிறகு நான்கைந்து.

எல்லாம் ஒரு நிழலில் நின்றன.

அவள் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தாள். மரமில்லை. மேகமில்லை. மணலில் ஓர் ஆளின் நிழல் மட்டும் விழுந்திருந்தது.

ஆள் இல்லை.

ஈரமண் வாடை அடித்தது.

“நீங்களா?”

நிழல் மெல்ல நகர்ந்தது. பல்லிகள் அதன் விளிம்பைத் தாண்டாமல் கூடவே ஊர்ந்தன. அவளும் எழுந்து பின்னால் நடந்தாள். செருப்பு கழன்றதோ, உள்ளங்கால் வெந்ததோ அவளுக்கு உறைக்கவில்லை. ஒரு மேட்டுக்குப் பின்னால் நிழல் நின்றது. பல்லிகள் ஒன்றன்பின் ஒன்றாக மணலுக்குள் புதைந்தன.

நிழலின் கை அவள் பக்கம் நீண்டது.

அவளும் கையை நீட்டினாள்.

“அண்ணி!”

கொழுந்தன் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது. “எத்தனை தடவை கூப்பிடுறது? மணி மூணு ஆகுது!”

பத்து நிமிஷம் நடந்திருப்பாள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். திரும்பிப் பார்த்தாள். வெறும் மணல்.

அன்றிரவு இருவரும் லாட்ஜில் தனித்தனி அறைகளில் தங்கினார்கள். மறுநாள் காலை அவள் கையைக் காட்டிய இடத்தில் போலீஸார் தோண்டினார்கள். நான்கடி ஆழத்தில் எலும்புகள் கிடைத்தன. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு வருஷம் அடக்கி வைத்த அழுகை.

கூட வந்த டாக்டர் குழியிலிருந்து ஏறி வந்தார். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

“அம்மா, இது உங்க வீட்டுக்காரர் இல்லை. ஒரு பொம்பளையோட எலும்பு. புதைஞ்சு நாப்பது அம்பது வருஷமாவது இருக்கும்.”

“அப்போ அவர்?”

“இங்க வேற யாரும் இல்லம்மா.”

ஆனால் அந்த எலும்புக்கூட்டின் கழுத்தில் வார் போட்டு ஒரு கேமரா கிடந்தது. அவள் கணவனுடையது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அதை மேஜைமேல் வைத்து, செத்துக் கிடந்த பேட்டரியை மாற்றினார். திரை ஒளிர்ந்தது. நூற்றுக்கணக்கில் பல்லிகள், அத்தனையும் நிழலில், அத்தனையும் துல்லியமாக. எல்லாம் போன வருஷத் தேதி.

கடைசி இரண்டு படங்களுக்கு மட்டும் தேதி வேறு.

முதல் படம் நேற்று எடுத்தது. அவள் குப்புறப் படுத்துத் தன் கேமராவுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கைக்கெட்டும் தூரத்தில் நின்று, மேலிருந்து எடுத்திருந்தார்கள்.

அடுத்தது இன்று விடியற்காலை. லாட்ஜ் கட்டிலில் வாயைத் திறந்து தூங்கும் கொழுந்தனின் முகம், மிக அருகில்.

கொழுந்தன் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு அவள் காதருகில் குனிந்து, குரலே எழும்பாமல் சொன்னான்:

“கதவை உள்பக்கம் பூட்டிட்டுத்தானே அண்ணி படுத்தேன்... காலையில நான்தானே திறந்தேன்.”