கனுப் பிடி

வந்தவர்களில் இரண்டு பேர் சாப்பிட்டதும் தூங்கிவிட்டால் போதும், காற்றைச் சரிக்கட்டிவிடலாம் என்று வகுளா மனசுக்குள் நினைத்துக்கொண்டாள். தூங்குகிறவர்களால் தொந்தரவு இல்லை. பேசுகிறவர்கள்தான் ஆபத்து. அவள் தங்கை பத்மஜா பேசிக்கொண்டே பிறந்தவள். பத்மஜாவின் கணவரோ எதற்கெடுத்தாலும் உரக்கச் சிரிப்பவர். பொங்கலுக்கு வந்தவர்களிடம் கொஞ்சம் சிரிக்காமல் இருங்கள் என்று எப்படிச் சொல்வது?

செவ்வாயின் ஆறாம் குமிழியில் ஒவ்வொரு வீட்டுக்கும் மூச்சுப் பங்கு உண்டு. கூடத்துச் சுவரில் காற்றுமானி பச்சையாக எரிந்துகொண்டிருக்கும். விருந்தாளிகள் வந்தால் மஞ்சளாகும். அது மஞ்சளாகும்போதெல்லாம் வகுளா தானாகவே எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவாள். பங்கு அவள் தம்பி சௌந்தரின் பெயரில் இருந்தது. கணவர் போன பிறகு அவள் அதில் ‘சார்ந்தவர்’ என்று சேர்க்கப்பட்டிருந்தாள். தம்பியோ அவன் மனைவி நீரஜாவோ ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டாததனாலேயே அவள் மெதுவாக மூச்சு விடப் பழகியிருந்தாள்.

பத்மஜா நுழையும்போதே அந்தப் பேச்சோடுதான் நுழைந்தாள். வரும் வழியில், மூன்றாம் தெருவில், ஒன்றைப் பார்த்தார்களாம். பட்டப்பகலில் நடுத்தெருவில் நடந்து போயிற்றாம். தெருவே கதவைச் சாத்திக்கொண்டதாம். அது நின்று, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் இவர்களை அடையாளம் பார்த்துக்கொண்டதாம். அடுத்த வீட்டுச் சமையலறைக்குள்ளேயே ஒன்று புகுந்து அப்பளத்தைக் கொண்டுபோனதை நீரஜா தன் பங்குக்குச் சொன்னாள். குமிழி நிர்வாகம் அதை ‘அபாயகரமான அயல் விலங்கு, முதல் வகை’ என்று அறிவித்திருந்தது. பூமியில் அதன் பெயர் காக்காய்.

அதை யாரும் திருட்டுத்தனமாகக் கொண்டுவரவில்லை. மனுப் போட்டு வரவழைத்தார்கள். முதலில் திதி கொடுப்பதற்கு இயந்திரக் காக்காய்கள்தான் இருந்தன. பிண்டத்தை வைத்தவுடன் வந்து கொத்தும். ஒரு நாளும் தாமதித்ததில்லை, ஒரு நாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை. அதுதான் குறையாகப் போயிற்று. கோபித்துக்கொள்ளத் தெரியாதது எப்படி அப்பாவாக இருக்க முடியும் என்று ஜனங்கள் கேட்டார்கள். பூமியிலிருந்து கரு முட்டைகள் வந்தன. பொரிந்த காக்காய்கள் பிண்டத்தைத் தின்றன, சில சமயம் தின்ன மறுத்தன. எல்லோருக்கும் திருப்தி. பிறகு அவை கூண்டை விட்டுப் பறந்தன, கூடு கட்டின, பெருகின. திதி இல்லாத நாள்களிலும் அவை இருக்கும் என்பதை யாரும் யோசித்திருக்கவில்லை.

இப்போது குமிழியில் காற்றுக் கசிந்தது. சுவர்த் துண்டுகள் சேரும் மூட்டுகளில் பூசிய பிசினைக் காக்காய்கள் கொத்தித் தின்பதுதான் காரணம் என்று நிர்வாகம் சொன்னது. அங்கே வேலை பார்க்கும் சௌந்தர், சாப்பாடு முடிந்ததும் அக்காவைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டுப் படங்களைக் காட்டினான். மூட்டு ஓரமெல்லாம் அலகுத் தடம். அவற்றைக் கொல்ல நிர்வாகம் வைத்த மருந்துணவை அவை தொடவில்லை. மனித முகத்தை நினைவில் வைத்திருக்கும் ஜாதி, துரத்தியவர் கையிலிருந்து எதையும் வாங்காது. இந்தக் குமிழியில் அவற்றைத் துரத்தாதவள் வகுளா ஒருத்திதான். நாளைக் காலை கனு. கூடப்பிறந்தவன் நன்றாக இருக்க வேண்டும் என்று வருஷம் தவறாமல் மஞ்சள் இலையில் மஞ்சள் சோறு, சிவப்புச் சோறு, தயிர்ச் சோறு என்று பிடிபிடியாகக் காக்காய்க்கு வைப்பவள். அவள் வைத்தால் எல்லாம் கீழே இறங்கும்.

“மஞ்சள் சோத்துல மட்டும் மருந்து கலந்தாப் போறும்க்கா. வலியே இருக்காது” என்றான்.

 அவன் போன பிறகும் வகுளா கொல்லைச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டின் கொல்லை குமிழிச் சுவரில்தான் போய் முடிந்தது. போகிக்காக அவளும் நீரஜாவும் சுரண்டி வெள்ளையடித்த சுவர். பழைய பிசின் கறுத்துப் போய் அசிங்கமாக இருக்கும். அதைச் சுரண்டி எறிந்து புதுப் பிசினை வெள்ளை வெளேரென்று பூசாவிட்டால் போகி எப்படிப் போகியாகும்? ஆறாம் குமிழி முழுக்கச் சுரண்டும் சத்தம் கேட்ட நாள் அது.

மூட்டின் ஓரத்தில் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. கிட்டப் போனாள். சோறு. போன கனுவுக்கு அவள் வைத்த மஞ்சள் சோறும் சிவப்புச் சோறும் சுரண்டலுக்குத் தப்பி விரிசலுக்குள் ஆழமாக அடைபட்டுக் கல்லாக இறுகியிருந்தன. விரலை ஈரப்படுத்தி வைத்துப் பார்த்தாள். இன்னும் முழுக்க இறுகாத புதுப் பிசின் மேல் ஊசி முனை போல ஒரு குளிர் இழுத்தது. சோறு இருந்த இடத்தில் இழுப்பே இல்லை.

அவள் அசையாமல் நின்றதனாலோ என்னவோ ஒரு காக்காய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. வாயில் சர்க்கரைப் பொங்கல். விரிசலுக்குத் தலையைச் சாய்த்துக் காது கொடுப்பது போல இருந்துவிட்டு, பொங்கலை உள்ளே திணித்து அலகால் தட்டித் தட்டி அடைத்தது. நாளைக்கு வேண்டும் என்று ஒளித்து வைக்கிறது. அவ்வளவுதான். யாரையும் காப்பாற்றும் எண்ணம் அதற்கு இல்லை.

கூடத்தில் காற்றுமானி மஞ்சளாகத்தான் எரிந்தது. அப்படியும் வகுளா உள்ளே போனாள். எல்லோர் முன்னிலையிலும் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. சௌந்தரைத் தனியே கூப்பிட்டு, காக்காய் பிசினை எடுக்கவில்லை, சோற்றை வைக்கிறது என்று சொன்னாள். நாம் சுரண்டியதை அது அடைத்துக்கொண்டிருக்கிறது என்றாள்.

அவன் ஆச்சரியப்படுவான் என்று எதிர்பார்த்திருந்தாள்.

“தெரியும்க்கா” என்றான் அவன். “நிர்வாகத்துல எல்லாருக்குமே தெரியும். போகிக்குச் சுரண்டாதீங்கோன்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது? போன வருஷம் சொன்னவரை மறுநாளே மாத்திட்டா. காக்காய்னா ஒருத்தரும் சண்டைக்கு வரமாட்டா.”

“காக்காய் போனப்புறம்?”

அவன் காற்றுமானியைப் பார்த்தான். “அப்புறம் வேற ஏதாவது காரணம் சொல்லுவா.” பிறகு, குரலைத் தாழ்த்தி, “நீ வெக்கலேன்னா பத்மஜா வெப்பா. அவளுக்கும் அச்சு அசல் உன் ஜாடைதான். காக்காய்க்கு வித்தியாசம் தெரியாது. ஆனாலும் மூத்தவ கையால வெக்கறதுதானே முறை?”

பத்மஜா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, என் மூஞ்சிக்கு ஒருவழியாக ஒரு உபயோகம் வந்ததே என்று சொல்லி, தானே சிரித்துக்கொண்டாள். அவள் கணவரும் சிரித்தார். மானியின் மஞ்சள் இன்னும் கொஞ்சம் கனத்தது.

வகுளாவுக்குத் தன் மூச்சுச் சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் அடக்கி அடக்கி விட்ட மூச்சு. அது யாருக்கு மிச்சமாயிற்று? சுவர் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. அதில் சிறிது அந்தச் சோற்றுக்குப் பின்னால் நின்றிருக்கலாம்.

விடிந்ததும் குடும்பம் முழுவதும் கொல்லைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றது. விளக்குகள் காலை வெளிச்சத்துக்கு மாறின. நீரஜா கதவைத் திறந்து, மஞ்சள் இலையையும் சோற்றையும் தட்டில் கொண்டுவந்து படியில் வைத்தாள். கையுறை போட்டுக்கொண்டு மஞ்சள் சோற்றைப் பிசைந்திருந்தாள். கொல்லையில் வகுளாவின் தலை தெரிந்ததுமே காக்காய்கள் ஒவ்வொன்றாகச் சுவரை விட்டு இறங்கி, பந்திக்கு வந்தவர்கள் போல, கலையாமல் உட்கார்ந்தன.

“வை அக்கா” என்றான் சௌந்தர்.

அவள் தட்டைத் தொடவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“நான் வெக்கக் கூடாது. எனக்குத் தீட்டு.”

நீரஜா பதறிப்போய் ஓரடி பின்வாங்கினாள். பண்டிகை நாளில் சாவுத் தீட்டு என்றால் வீடே அல்லவா எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். பத்மஜா நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, சொந்தத்தில் யார் போனது, எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அவளுக்கும் அதே தீட்டு உண்டே.

வகுளா காக்காய்களைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நின்றவர்களைப் பார்த்தாள்.

“இன்னும் யாரும் போகல” என்றாள்.