திறக்காத போத்தல்

பால் முடிந்திருந்ததைத் தேநீருக்குத் தண்ணீர் கொதித்த பிறகுதான் சிவகலா கண்டாள். ஞாயிற்றுக்கிழமை. சுவிஸின் லாங்கன்தாலில் ஸ்டேசன் கடையைத் தவிர வேறொன்றும் திறந்திருக்காது.

"நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வாறன்" என்று கோட்டை எடுத்தாள்.

"ஏன், தம்பி போகமாட்டானோ? அவனென்ன குழந்தைப்பிள்ளையே?" என்றாள் சோபாவில் இருந்த புனிதவதி.

சிவகலாவின் கணவன் தவராஜாவின் அக்கா அவள். தன் மகள் பிரபாலினியின் சாமத்தியவீட்டுக்கு, அந்தப் பூப்புச் சடங்கில் தண்ணீர் வார்க்க, தாய்மாமனால் வர ஏலாது என்று சிவகலா தொலைபேசியில் சொன்ன மறுநாளே, வின்டர்தூரிலிருந்து முதல் ரயில் பிடித்து வந்திருந்தாள். வந்து சப்பாத்தைக் கழற்றியதிலிருந்து சிவகலாவின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

தவராஜா எழுந்தான். "நான் போறன், கலா."

கதவு சாத்தப்பட்டது. போக எட்டு நிமிடம், வர எட்டு நிமிடம். சிவகலா அடுப்பிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டாள். அவன் தனியாக வெளியே போவது, வீடு திரும்பிய இந்தப் பத்து நாளில் இதுதான் முதல் தடவை.

"என்ர பிள்ளைக்குத் தண்ணி வார்க்க இருக்கிறது ஒரேயொரு மாமன்" என்று தொடங்கினாள் புனிதவதி. "அவனை மறிச்சு வைக்க உனக்கென்ன உரிமை? கார்த்திகையில எங்கடின் மலைப்பக்கம் துரத்திவிட்டாய். மூண்டு மாசம் ஏதோ ஹோட்டல்ல கோப்பை கழுவினானாம். நீ இஞ்சை சுகமாய் இருந்தனீ..."

சிவகலா அடுப்பை அணைத்தாள்.

கார்த்திகையில் ஒரு விடியற்காலை, குளியலறைத் தரையில் விழுந்து கிடந்தபடி அவள் கால்களைப் பிடித்துக்கொண்டவன் அவன்தான். "என்னை எங்கையாவது கொண்டுபோய் விடு, கலா. என்னால நிப்பாட்ட ஏலாமக் கிடக்கு. ஆனா அக்காவுக்குச் சொல்லாதை. அம்மா இல்லாத வீட்டில என்னை வளர்த்தவ. தாங்கமாட்டா." அவள் வாக்குக் கொடுத்தாள். பன்னிரண்டு வாரம் அவன் சிகிச்சை நிலையத்தில் இருந்தான். ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டான் என்று கேட்டவர்களுக்குச் சொன்னாள். புருசனைத் துரத்திய பெண்சாதி என்று ஊர் தன்பாட்டில் கதை கட்டிக்கொண்டது. கோயிலில் அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சலவை அறையில் மட்டும்தான் அழுதாள். மெசின்கள் ஓடும்போது அங்கே ஒருவருக்கும் ஒன்றும் கேட்காது.

"ஏன் வாயைத் திறக்கிறாயில்லை?"

"எங்கட ஆக்களின்ர விசேசத்தில என்ன நடக்குமெண்டு உங்களுக்குத் தெரியும்தானே, மச்சாள்."

"என்ர பிள்ளையின்ர மண்டபத்தில குடி இல்லை."

"மண்டபத்துக்குள்ள இல்லை. வெளியில கார் டிக்கிக்குள்ள இருக்கும்."

"ஆம்பிளையள் ஒரு கிளாஸ் எடுக்கிறது உனக்குக் கண்ணுக்குள்ள குத்துதோ? ஒரு கிளாசால செத்தவன் ஆர்?"

இருபத்தைந்து நிமிடமாகிவிட்டது. பிறகு நாற்பது. சிவகலா மீண்டும் கோட்டைக் கையில் எடுத்தாள். ஓடிப்போய்த் தேட வேண்டும், வாயை மணந்து பார்க்க வேண்டும் போலிருந்தது. பதினைந்து வருடமாக அதைத்தானே செய்தாள்? ஒளித்து வைத்ததைத் தேடினாள், ஊற்றினாள், கத்தினாள். அவன் இன்னும் நன்றாக ஒளிக்கப் பழகினான். "இது நோய், வருத்தம்; பிடிவாதமில்லை. நீங்கள் பொலிஸ் வேலை பார்த்தால் அவர் உங்களிடம்தான் முதலில் பொய் சொல்லுவார்" என்று நிலையத்து ஆலோசகர் சொல்லியிருந்தார். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது.

கதவு திறந்தது.

தவராஜா வெளிறிப்போய் நின்றான். ஒரு கையில் பால். மறு கையில் ஒரு போத்தல். இரண்டையும் மேசையில் வைத்தான்.

புனிதவதி எழுந்துவிட்டாள். "என்னடா இது? காலங்காத்தால... உனக்கு வெட்கமில்லையே?"

"மச்சாள், இப்ப ஏசாதேங்கோ." சிவகலாவின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு அவனை இருத்தினாள். தானும் பக்கத்தில் இருந்தாள். "திறந்தனீங்களோ?"

"இல்லை. ஸ்டேசன் வாங்கில இருந்து, பக்கத்தில வைச்சுப் பார்த்துக்கொண்டே இருந்தனான். எறியவும் ஏலேல்லை, குடிக்கவும் ஏலேல்லை. அதுதான் உன்னட்டைக் கொண்டு வந்தனான்."

"நல்லது. இதிலயே இருங்கோ. நான் எங்கையும் போகேல்லை."

அவன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். பிறகு அக்காவைப் பார்த்தான். "நான் எங்கடினுக்குப் போகேல்லை, அக்கா. குடிக்கு மருந்தெடுக்கப் போனனான். அவள் துரத்தேல்லை. நான்தான் கெஞ்சினனான். உங்களுக்குச் சொல்லக் கூடாதெண்டு சத்தியம் வாங்கினதும் நான்தான்."

புனிதவதி சோபாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தாள். சிவகலா போத்தலைத் திறந்து தொட்டிக்குள் கவிழ்த்தாள். அந்த மணம் போகும்வரை குழாயைத் திறந்துவிட்டாள். அவன் மறுபக்கம் திரும்பியிருந்தான்.

"கோயில்ல அத்தனை பேருக்கு முன்னால உன்னை ஏசினனான்" என்றாள் புனிதவதி. "அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"சொல்லியிருந்தால் அவர் இண்டைக்கு இதைக் கொண்டுவந்து என்னட்டைத் தந்திருக்கமாட்டார், மச்சாள்." சிவகலா குழாயைப் பூட்டினாள். "ஆனா எனக்கும் களைச்சுப் போச்சு. அவர் எப்பிடியிருக்கிறார் எண்டு எல்லாரும் கேட்கினம். என்னை ஒருத்தரும் கேட்கேல்லை..."

அதற்கு மேல் முடியவில்லை. மெசின் சத்தம் எதுவுமில்லாத அந்தச் சமையலறையில் அவள் வாய்விட்டு அழுதாள். புனிதவதி ஓடிவந்து அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சுக்கொள்ளு, பிள்ளை... மன்னிச்சுக்கொள்ளு."

சற்றுநேரம் கழித்துப் புனிதவதி கண்களைத் துடைத்துக்கொண்டு தம்பியிடம் கேட்டாள். "வீட்டில அத்தானுக்குச் சொல்லட்டோ?"

அவன் தலையாட்டினான்.

அவள் கணவனை அழைத்தாள். "இஞ்சேருங்கோ. தம்பிக்கு வருத்தம். குடிவருத்தம்... ஓம், அப்பிடியேதான் சொல்லுறன். மருந்தெடுத்துக்கொண்டு இருக்கிறான். சிவகலாதான் அவனைக் காப்பாற்றி வைச்சிருக்கிறாள். நான் இவ்வளவு நாளும் அவளைப் பற்றிச் சொன்னதெல்லாம் பிழை. கேட்கிற ஆக்களுக்கு நீங்களும் இதையே சொல்லுங்கோ. தண்ணி வார்க்கிறது காலமை வீட்டில, நாங்கள் மட்டும். மாமன் செய்திட்டுப் போகட்டும். மண்டபத்துக்கு அவன் வரத் தேவையில்லை."

சிவகலா ஊற்றிவைத்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. தவராஜா மனைவியிடம் தாழ்ந்த குரலில் கேட்டான். "நாளைக்கும் வாங்கினால் என்ன செய்வாய், கலா?"

அவள் அவனுடைய கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்கும் நேரே வீட்டுக்கு வாங்கோ."