காலி சிலிண்டரின் எடை

வெள்ளிக்கிழமை காலை 9.20. கிடங்கின் நடுவே சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. மாற்ற ஒரு பிராப்பேன் கேஸ் சிலிண்டர்கூட மிச்சமில்லை. திங்கட்கிழமை வந்தவை ஆறு. இரண்டு வாரத்துக்குத் தாங்க வேண்டிய ஆறும் ஐந்தாம் நாளே தீர்ந்திருந்தன.

"கேஸ்காரன் அளவுல கை வச்சிட்டான்!" முதலாளி குதித்தார். போன் போய், 9.40-க்குக் கேஸ்காரர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"பதினொரு வருஷமா கொண்டு வர்றேன், முதலாளி. ஒரு கிலோ குறைஞ்சதுண்டா?"

"இப்ப குறைஞ்சிருக்கே! பத்து மணிக்கு வேற ஆளுக்குச் சொல்லிடப் போறேன். உன் சகவாசமே வேண்டாம்."

அப்போது பார்சல் எடை போடும் தராசு அக்கா எழுந்து வந்தாள்.

"பத்துக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. நாலு கேள்வி கேக்கலாமா?"

"வேண்டாம்னா விடவா போற?"

அவள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பயில்வானிடம் போனாள்.

"எப்பவும் இப்படித்தான் தீருமா?"

"இந்தத் தடவைதான்க்கா."

"சிலிண்டருக்கு அடியில என்ன ரப்பர்?"

"சிலிண்டர் ஆடுது. அதான் சொருகி இறுக்கினேன்."

"முன்னாடி?"

"முன்னாடி வண்டியில இருக்கற இந்த ஆணி சிலிண்டர் வளையத் துளையில சிக்குனு உக்காந்துடும்."

சிலிண்டரின் பக்கவாட்டில் புது மஞ்சள் ஸ்டிக்கர் பளபளத்தது: 'புகை பிடிக்காதே. மாற்றும் முன் வால்வை மூடு.' அக்கா நின்ற இடத்திலிருந்தே அதைப் படித்தாள்.

9.50. பயில்வான் வால்வை மூடி, சிலிண்டரைக் கழற்றித் தராசில் வைத்தான். காலி எடை 17 கிலோ என்று அதன் கழுத்து வளையத்திலேயே பொறித்திருந்தது. தராசு 26 காட்டியது.

"தராசு ரிப்பேரா?" என்றார் முதலாளி.

"என்னை என்ன வேணா சொல்லுங்க, என் தராசைச் சொல்லாதீங்க."

சிலிண்டர் வைக்கும் கம்பிக் கூண்டிலிருந்த 'காலி' சிலிண்டர்களும் வந்தன. 26. 27. 26.

"டேய், காலி இவ்வளவு கனக்குதே, உனக்குத் தெரியலையா?"

"எனக்கு எல்லாமே லேசுதான்க்கா."

அக்கா முதலாளி பக்கம் திரும்பினாள். "திருட்டே நடக்கல, முதலாளி. கேஸ் உள்ளேயே இருக்கு. வண்டியில சிலிண்டர் படுத்திருக்கு. திரவத்தை உறிஞ்சற குழாய் உள்ளே வளைஞ்சு அடிமட்டம் வரைக்கும் போகும். ஆணி துளையில உக்காந்தாத்தான் அது அடியில நிக்கும். கால் சுற்று திருப்பினா முனை நடுமட்டத்துக்கு வந்துடும். திரவம் அதுக்குக் கீழே இறங்கினதும் வண்டி நின்னுடும். பாதி டம்ளர்வரை ஸ்ட்ரா விட்டு மோர் குடிக்கற மாதிரி."

கேஸ்காரர் பதறினார். "அதைவிடப் பெரிய ஆபத்து, அழுத்தம் ஏறினா திறக்கற பாதுகாப்பு வால்வு! அது மேல்பக்கம் ஆவியில இருக்கணும். திருப்பினா திரவத்துல முழுகிடும். அங்கேருந்து திரவம் பீய்ச்சினா, ஒவ்வொரு லிட்டரும் இருநூறு லிட்டருக்கு மேல ஆவியா விரியும்."

"பயில்வான் ஏன் திருப்பினான்?" முதலாளி பல்லைக் கடித்தார்.

அக்கா ஸ்டிக்கரைக் காட்டினாள். "அவனுக்கு நீங்க போட்ட உத்தரவு. ஸ்டிக்கர் எல்லாருக்கும் தெரியணும்னு. திங்கட்கிழமை சிலிண்டர் கூண்டுல நிமிர்ந்து நின்னப்போ, துளைக்கு நேரா நீங்களே ஒட்டினீங்க. ஆணியில சரியா படுக்க வச்சா ஸ்டிக்கர் தரையைப் பாக்கும். அதனால அவன் பக்கவாட்டுல திருப்பிட்டான். குற்றவாளி நீங்கதான், முதலாளி. பாதுகாப்பு விதியாலேயே பாதுகாப்பைக் கெடுத்த ஒரே ஆளு."

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

பயில்வான் ஒரு 'காலி' சிலிண்டரை ஆணியில் சரியாக உட்கார வைத்தான். இணைப்பில் சோப்பு நீர் தடவினான். ஒரு குமிழிகூட வரவில்லை. ஃபோர்க்லிஃப்ட் சாவியின் முதல் திருகிலேயே உறுமியது.

முதலாளி நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டத் தொடங்கினார்.

"இதை எங்கேதான்யா ஒட்டறது?"

"அடுத்த தடவை நானே காட்டறேன்," என்ற கேஸ்காரர் சட்டென்று நிறுத்தினார். "அடுத்த தடவை... நான் வரலாமில்ல?"

"வராம? நான் மறுபடி இதுல கை வச்சா யாருய்யா காப்பாத்தறது?"