கண்ணாடியில் இறங்கிய பொட்டுகள்

"என்ர தங்கச்சியின்ர விலா எலும்பை முறிச்சவனைக் கதிரையில இருத்தி வைச்சோ விசாரிக்கிறியள்?"

பரமலிங்கத்தின் குரல் உருத்திரபுரம் வாய்க்கால்வரை போனது. பிறகு எங்கள் ஒழுங்கைச் சனம் வேலியடிக்கு வராமல் எப்படி இருக்கும்?

"அவர் எனக்கு அடிக்கேல்லை அண்ணை," என்றாள் உள்ளே கட்டிலில் கிடந்த கமலேஸ்வரி.

"அடி வாங்கிற எல்லாரும் சொல்லுற கதைதான்."

அவளுடைய கணவர் சிவராசா தலைகுனிந்து இருந்தார். மலையகக் குடும்பம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய பரமலிங்கம் வீட்டாருக்கு அந்தக் கல்யாணம் இன்றுவரை சீரணிக்கவில்லை. போன வருஷம் கமலேஸ்வரிக்கு மணிக்கட்டு முறிந்தது, இப்போது விலா. கைகால் முழுக்கக் கீறல். எங்கள் ஒழுங்கைக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. தீர்ப்பைத் தேத்தண்ணீரோடு சேர்த்து எப்போதோ குடித்து முடித்திருந்தோம்.

விசாரிக்க வந்தவர் கௌசலா, பிரதேச செயலகத்தில் பெண்களின் முறைப்பாடுகளைப் பார்ப்பவர். கூட வந்த நிரஞ்சன் வேலைக்குப் புதிது. குற்றவாளியைப் பிடிக்கும் அவசரம் அவனுக்கு.

"நீங்களோ முறிச்சது?" என்று கேட்டான்.

"ஆமா," என்றார் சிவராசா. "என் கையிலதான் முறிஞ்சுச்சு."

நிரஞ்சனின் முகம் மலர்ந்தது. "முடிஞ்சுது மிஸ். இவரைப் பொலிசில குடுப்பம். அக்காவைத் தமையன் கூட்டிக்கொண்டு போகட்டும்."

"அவா இல்லையெண்டுறா, இவர் ஓமெண்டுறார்," என்றார் கௌசலா. "ரெண்டு பேரும் உண்மை சொன்னால்?"

அவர் உள்ளே போனார். தலையணையில் ஒரு சீப்பு. கமலேஸ்வரியின் தலையோ வாரப்படாமல் கிடந்தது. தண்ணீர் எடுக்க அவள் மெல்ல எழும்பியபோது, உடுத்திருந்த நீளச்சட்டையின் கரை நிலத்தில் இழுபட்டது. அலுமாரிக் கதவில் பதித்த கண்ணாடியில் மேலிருந்து கீழாக ஒட்டுப்பொட்டுகள்.

"இது ஆரின்ர பொட்டு அக்கா?"

"என்ரதான் மிஸ். படுக்கமுதல் கழட்டி, நெத்தி தெரியிற இடத்தில ஒட்டிவிடுவன்."

கௌசலா எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். நாங்கள் யன்னலடிக்கு மாறினோம்.

"நிரஞ்சன், மேல இருக்கிற பொட்டுகள் வெளிறிப்போச்சு. கீழ இருக்கிறது புதுசு. கண்ணாடி அசையேல்லை. அப்ப இறங்கினது ஆர்?"

"அக்கா உயரம் குறைஞ்சு கட்டையாப் போனாவோ?"

"ஓம். அளவாத் தைச்ச சட்டை இப்ப நிலத்தில இழுபடுது. முள்ளந்தண்டு நொறுங்கி அமருது. ஒருத்தரை அடிச்சு இப்பிடிக் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டையாக்கேலாது. அக்கா, சீப்பு என்னத்துக்கு?"

"சொறியத்தான். இரவிரவா உடம்பு கடிக்கும்."

"கீறலெல்லாம் அவவின்ர கை எட்டுற இடத்தில. கண்ணும் மஞ்சள். என்ர சின்னம்மாவுக்கும் இப்பிடித்தான். ஈரல் கனகாலம் பழுதாக் கிடந்தால் உடம்பு கடிக்கும், மூட்டு நோகும், எலும்பும் உக்கிப்போகும்."

"குடிக்காத மனிசிக்கு ஈரல் வருத்தமோ?" என்றார் பரமலிங்கம்.

"குடிக்காத ஈரலும் பழுதாகும் ஐயா. டொக்டரிட்டக் கேளுங்கோ." கௌசலா சிவராசாவிடம் திரும்பினார். "அண்ணை, உங்கட கையில எப்பிடி முறிஞ்சது?"

"கோயிலுக்குப் போய்ட்டு வந்தோம். முட்டி வலி, சைக்கிள்ல இருந்து எறங்க முடியல. கக்கத்துல கையக் குடுத்துத் தூக்கினேன். சத்தம் கேட்டுச்சு, மிஸ். அதுக்கப்புறம் நான் அவளத் தொடவே இல்ல. பயம்."

கமலேஸ்வரி சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "நான் நினைச்சன், இவருக்கு என்னில வெறுத்துப்போச்செண்டு."

வேலிக்காரர் ஒவ்வொருவராக நழுவினோம். வீட்டில் உலை வைத்த ஞாபகம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்துவிட்டது.

வவுனியா ஆஸ்பத்திரியிலும் ஈரல் என்றுதான் சொன்னார்கள், நன்றாக முற்றிவிட்டதாம். அதற்குப் பிறகு சிவராசாதான் அவளைத் தூக்கி இருத்தினார், தலை வாரினார், சொறிந்துவிட்டார். பொங்கலுக்கு முன்னமே அவள் கண்ணை மூடிவிட்டாள்.

நிரஞ்சன் துணுக்காய்க்கு மாற்றலாகி அங்கேயே கல்யாணம் முடித்தான். பரமலிங்கத்தின் மகள் லக்சிகா கல்யாணமாகிக் கனடா போனாள்.

சிவராசா முள்ளியவளையிலுள்ள தன் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டார். அலுமாரிக் கதவிலிருந்து கண்ணாடியை மட்டும் கழற்றி, கமலேஸ்வரியின் போர்வையில் சுற்றி, சைக்கிள் கரியரில் வைத்தார். பரமலிங்கம் வாசல் படலையடியில் நின்றார்.

"ஒரு கை பிடிக்கட்டோ, மச்சான்?"

அந்த உறவுமுறை சொல்லி அவர் கூப்பிட்டதை எங்கள் ஒழுங்கை அதற்கு முன் கேட்டதில்லை.

"வேணாம்," என்றார் சிவராசா. "மெதுவாப் பிடிக்கணும். எனக்குப் பழகிருச்சு."

சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே போனார்.